புகை நிஜமாகவே இருக்கும்போது: 'தி பாடி கீப்ஸ் தி ஸ்கோர்' பற்றிச் சில குறிப்புகள்

பெஸல் வான் டெர் கோல்க் எழுதிய 'தி பாடி கீப்ஸ் தி ஸ்கோர்' 2014-ல் வந்தது. பத்து வருஷம் தாண்டியும் ஏர்போர்ட் புத்தகக் கடைகளில் கண்ணில் படுகிற இடத்தில்தான் இருக்கு. எங்கள் துறையில் மனநலம் பற்றி ஒரு மணி நேரம் பேச யாராவது வந்தால், ஒரு ஸ்லைடிலாவது இந்த அட்டைப்படம் வந்துவிடும். புத்தகத்தைப் படிக்காதவர்கள்கூட தலைப்பைப் பழமொழி மாதிரி சொல்கிறார்கள்.

நான் இதை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை பக்கத்திலேயே நோட்டு வைத்துக்கொண்டு. நான் டாக்டர் இல்லை, மனநலப் படிப்பும் படித்ததில்லை, பி.இ. முடித்து சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஆனால் சொந்த ஊர் போடிநாயக்கனூர். அதனால் இந்தப் புத்தகத்தைப் படிக்கும்போது என் மனசில் ஓடினது பாஸ்டன் நகரத்து கிளினிக் இல்லை. போடிமெட்டு ரோடும், ஏலக்காட்டுக்குப் போகிற ஜீப்பும், 2018-ல் எரிந்த குரங்கணி மலையும்தான். அந்த இடத்தில் வைத்துப் பார்க்கும்போது புத்தகத்தின் பாதி ரொம்ப நன்றாகப் பொருந்துகிறது. மீதிப் பாதி ஒரு முக்கியமான இடத்தில் இடிக்கிறது. எங்கே இடிக்கிறது என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல். ஆங்கிலத்தில் 'ட்ராமா' என்பதற்குத் தமிழில் அதிர்ச்சி, மனக்காயம் என்று பலவிதமாக எழுதுகிறோம். யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் போர்க்காலத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் 'மனவடு'. காயம் ஆறிய பிறகும் தழும்பு நிற்கிறது என்ற அர்த்தம் அதிலேயே இருக்கு. நானும் அதையே பயன்படுத்துகிறேன்.

புத்தகம் சரியாகச் சொல்வது

வான் டெர் கோல்க் 1978-ல் பாஸ்டனில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் அவரிடம் வந்தார்கள். அப்போது 'பிடிஎஸ்டி' என்ற நோய்ப்பெயரே அதிகாரபூர்வமாகக் கிடையாது. அமெரிக்க மனநல சங்கத்தின் டிஎஸ்எம் கையேட்டில் அது சேர்ந்தது 1980-ல். அதாவது இந்தத் துறை வளர்ந்த விதத்தை உள்ளேயிருந்து பார்த்தவர் எழுதிய புத்தகம் இது. அந்த வரலாற்றுப் பகுதிகளுக்காகவே படிக்கலாம்.

அவருடைய மையக் கருத்து எளிமையானது. பெரிய ஆபத்தில் மாட்டிய ஒருவருக்கு அந்த நினைவு ஒரு கதையாக மட்டும் பதிவதில்லை. நெஞ்சுத் துடிப்பாக, இறுகிய தோளாக, வயிற்றுப் பிசைவாக, தூக்கமின்மையாக உடம்பில் தங்குகிறது. மூளையில் அமிக்டலா என்ற பகுதியை அவர் வீட்டில் மாட்டுகிற புகை எச்சரிக்கைக் கருவிக்கு ஒப்பிடுகிறார். மனவடு பட்டவர்களுக்கு இந்தக் கருவி பழுதாகிவிடுகிறது; புகையே இல்லாதபோதும் அலறுகிறது. அதை நிதானப்படுத்தவேண்டிய முன்மூளை அந்த நேரத்தில் வேலை செய்வதில்லை. அதனால்தான் "எல்லாம் முடிஞ்சு போச்சு, இன்னும் என்ன பயம்?" என்று புத்தி சொல்வதில் பலன் இல்லை.

இது நம் ஊரில் யாருக்கும் புதுச் செய்தியாக இருக்காது. எங்கள் பக்கம் மனசு சரியில்லை என்று நேரடியாகச் சொல்கிறவர்கள் குறைவு. "ஈரக்குல நடுங்குது", "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது", "மேலெல்லாம் வலி" என்றுதான் சொல்வார்கள். எதையாவது பார்த்து மிரண்ட பிள்ளைக்கு 'பயந்த கோளாறு' என்று பேர்வைத்து, விபூதி போட்டு, கயிறு மந்திரிச்சுக் கட்டுவார்கள். கயிறு பயத்தைத் தீர்க்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் பயம் உடம்புக்குள் போய் உட்காரும், அதை உடம்பு வழியாகத்தான் இறக்கவேண்டும் என்ற புரிதல் அந்தச் சடங்கிலேயே இருக்கு.

என் உறவில் ஒரு அக்கா ஏலக்காட்டுக்குக் காயெடுக்கப் போகிறவர். சில வருஷத்துக்கு முன்னால் அவர் போன ஜீப் ஒரு வளைவில் கவிழ்ந்து தோள் எலும்பு உடைந்தது. மூன்று மாசம் கழித்து மறுபடி அதே ரோட்டில் ஜீப் ஏறினார். இப்போதும் வளைவு வருவதற்கு முன்னாலேயே அவர் கை மேலே இருக்கிற கம்பிக்குப் போய்விடும். கேட்டால், "பயமெல்லாம் இல்ல தம்பி, கை தானா போகுது" என்பார். வான் டெர் கோல்க் நானூறு பக்கத்தில் விளக்குவதை அக்கா ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. ஆனால் புத்தகத்துக்கும் அக்காவுக்கும் உள்ள வித்தியாசமும் அங்கேயேதான் இருக்கு.

அலாரம் பழுதா, சரியா?

சாஃப்ட்வேர்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒரு சர்வரைக் கண்காணிக்கிற அலாரம் அடிக்கடி அடிக்கிறது என்றால் இரண்டு சாத்தியம். ஒன்று, அலாரத்தின் அளவுகோல் தப்பு. ஒன்றுமே நடக்காதபோது அடிக்கிறது. இன்னொன்று, சர்வர் உண்மையிலேயே தினமும் விழுகிறது. முதல் கேஸில் அலாரத்தைத் திருத்தவேண்டும். இரண்டாவதில் அலாரத்தைத் திருத்தினால் அது பெரிய தப்பு, சர்வரைத்தான் பார்க்கவேண்டும்.

வான் டெர் கோல்க்கின் புத்தகம் பெரும்பாலும் முதல் கேஸைப் பற்றியது. போர் வியட்நாமில் முடிந்துவிட்டது, ஆள் பாஸ்டனில் பாதுகாப்பாக இருக்கிறார், ஆனால் உடம்புக்கு அது தெரியவில்லை. சிகிச்சை என்பது அது அப்போது, இது இப்போது என்று உடம்புக்குப் புரியவைப்பது. பிடிஎஸ்டி என்ற பெயரின் முதல் எழுத்தே 'பிந்தைய' என்பதைத்தான் குறிக்கிறது. ஆபத்து முடிந்துவிட்டது என்பது அந்தப் பெயருக்குள்ளேயே ஊகமாக இருக்கு.

அக்கா அடுத்த நாள் காலையில் மறுபடி ஜீப் ஏறவேண்டும். அதே போடிமெட்டு வளைவுகள், அதே அளவுக்கு மேல் ஏற்றின ஆட்கள், அதே அவசரத்தில் ஓட்டுகிற டிரைவர். அவர் கை கம்பிக்குப் போவது பழுதான அலாரமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ரோட்டுக்கு அது புத்திசாலித்தனம்.

இந்தச் சரிவுகளில் இப்படித்தான் பல விஷயங்கள். சாந்தன்பாறை, சின்னக்கானல் பக்கம் தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு யானை என்பது முடிந்துபோன சம்பவம் கிடையாது. அரிக்கொம்பன் என்று பேர் வாங்கிய யானையை 2023 ஏப்ரலில் அங்கிருந்து பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாசக் கடைசியில் அது கம்பம் நகரத்துக்குள் வந்துநின்றது. கடைசியில் ஜூனில் பிடித்து களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு யானை போனது. மற்ற யானைகள் அங்கேதான் இருக்கு. இன்னும் மேலே மூணாறு பக்கம், பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்து தோட்ட லயன்கள் மண்ணுக்குள் போனது. எழுபது பேர் செத்தார்கள், பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அந்த மலைகளில் இன்னும் எத்தனையோ லயன்கள் சரிவுகளுக்குக் கீழேதான் இருக்கு. ஆடி மழை ராத்திரியில் அங்கே ஒருத்தருக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

குரங்கணியில் எண்ணப்படாதவர்கள்

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்தவர்கள். அவர்களில் எங்கள் துறைக்காரர்கள் பலர். காய்ந்த புல், செங்குத்தான சரிவு, காற்று. தப்பிக்க வழி இல்லாமல் போய்விட்டது. முதலில் ஒன்பது பேர் இறந்த செய்தி வந்தது. அடுத்த வாரங்களில் ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொருவராக இறந்து கடைசியில் எண்ணிக்கை 23 ஆனது.

விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, கமாண்டோக்கள் வந்தார்கள். ஆனால் முதலில் மேலே ஏறியது உள்ளூர் ஆட்கள். குரங்கணிக்காரர்கள், தோட்டத் தொழிலாளிகள், மலைவாழ் மக்கள். இருட்டில், பாதி எரிந்துகொண்டிருந்த சரிவில், தீக்காயம் பட்டவர்களை டோலி கட்டித் தூக்கி இறக்கினார்கள்.

அதற்குப் பிறகு நடந்த விவாதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அனுமதி வாங்கினார்களா, யார் விட்டது, கிளப் பொறுப்பா, வனத்துறை பொறுப்பா. அரசு அதுல்ய மிஸ்ரா ஐஏஎஸ் தலைமையில் விசாரணை வைத்தது. அதே வருஷம் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை அரசே திறந்தது, குரங்கணிப் பாதையும் அதில் ஒன்று. இது எல்லாமே தேவையானதுதான்.

நான் கேட்பது வேறு. டோலி தூக்கினவர்கள் என்ன ஆனார்கள்? டிஎஸ்எம்-5 வரையறைப்படியே பார்த்தாலும், அடுத்தவர் சாவை நேரில் பார்ப்பது மனவடுவுக்கான நிகழ்வுதான். அதை அனுபவித்தவர்களோடு சேர்த்தே எண்ணவேண்டும். தீக்காயம் பட்ட ஒருவரைத் தோளில் சுமந்து, அவர் தண்ணீர் கேட்பதைக் காதில் வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் மலை இறங்குவது சின்ன விஷயமா? அப்படி இறங்கினவர் மறுநாள் வேலைக்குப் போயிருப்பார். ஒவ்வொரு வருஷமும் மாசி, பங்குனியில் அதே மலையில் புல் காயும், எங்காவது ஒரு கோடாகத் தீ தெரியும். அவர் மூக்கில் ஏறுகிற புகை வாசனை கற்பனை இல்லை. அலாரம் அடிக்கிறது, புகையும் இருக்கு.

இப்படி ஒருவரைப் பற்றி வான் டெர் கோல்க்கின் புத்தகத்தில் அத்தியாயம் இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர் தன் நோயாளிகளைப் பற்றி எழுதினார். குறை எங்கே என்றால், அதை எல்லா ஊருக்குமான கையேடாக நாம் தூக்கிக்கொண்டு வருவதில்.

வரையறைக்கு வெளியே ஒரு காயம்

குரங்கணித் தீ நடந்த அதே 2018-ல், ஆகஸ்ட் 24 அன்று லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' படம் வந்தது. இந்தச் சரிவுகளிலேயே எடுத்த படம். ஏலக்காய் மூட்டை சுமக்கிற ரங்கசாமி ஒரு துண்டு நிலம் வாங்க வாழ்நாள் முழுக்க உழைக்கிறான். காசு சேர்த்து வாங்கின ஏலக்காய் மூட்டை ஒரு நொடியில் பள்ளத்தில் உருண்டு போகிறது. ஒரு வழியாக நிலம் கைக்கு வந்து, அதுவும் போய், கடைசியில் அதே நிலத்தில் நிற்கிற காற்றாலைக்கு வாட்ச்மேனாக உட்காருகிறான்.

டிஎஸ்எம் பட்டியலில் இது மனவடு கிடையாது. சாவு, படுகாயம், பாலியல் வன்முறை, அல்லது இவற்றின் அச்சுறுத்தல் இருந்தால்தான் கணக்கில் வரும். அப்படி ஒரு கோடு போடவேண்டியதன் நியாயம் எனக்குப் புரிகிறது. எல்லா வருத்தத்தையும் நோய் என்று சொன்னால் நோய் என்ற சொல்லுக்கே அர்த்தம் போய்விடும். வான் டெர் கோல்க்கும் இந்தக் கோட்டோடு சண்டை போட்டவர்தான். சிறுவயதில் நீண்ட நாள் கொடுமைக்கும் கைவிடப்படுதலுக்கும் ஆளான குழந்தைகளுக்கென்று தனி நோய்ப்பெயர் வேண்டும் என்று அவர் குழு கேட்டது, டிஎஸ்எம்-5 ஏற்கவில்லை. புத்தகத்தின் மிகச் சிறந்த பகுதி அதுதான் என்பது என் கருத்து. ஆனால் குடும்பத்துக்குள் நடக்கும் நீண்டகாலக் கொடுமையைக் கண்ட அந்தக் கண், கூலிக்கும் கடனுக்கும் நிலத்துக்கும் இடையே நடக்கும் நீண்டகால நெருக்கடிக்கு அதே அளவு பக்கம் ஒதுக்கவில்லை. ரங்கசாமிக்கு ஒரு யோகா வகுப்பு வைத்து என்ன செய்ய?

ஆதாரம் பற்றி

யோகா என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தின் கடைசிப் பாகம் சிகிச்சைகள் பற்றியது: இஎம்டிஆர், யோகா, நியூரோஃபீட்பேக், நாடகம் என்று போகிறது. இஎம்டிஆருக்கு நல்ல ஆதாரம் இருக்கு. யோகா பற்றி அவர் குழு நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில் 64 பெண்கள். முடிவு நம்பிக்கை தருவது, ஆனால் சின்ன ஆய்வு. நியூரோஃபீட்பேக்குக்கு ஆதாரம் இன்னும் மெலிசு. ஆனால் புத்தகத்தின் குரல் எல்லாவற்றுக்கும் ஒரே உற்சாகத்தில் இருக்கு. மாறாக, அதிகமாகச் சோதிக்கப்பட்ட முறை, பயப்படும் நினைவைப் படிப்படியாக, பாதுகாப்பான சூழலில் எதிர்கொள்ள வைக்கும் பேச்சு சிகிச்சை. அதைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் இறங்கிவிடுகிறது.

இன்னொன்று நினைவு பற்றியது. மனவடு நினைவு மறைந்து, பின்னால் உடம்பு வழியாக வெளிப்படும் என்ற கருத்துக்கு அவர் நிறைய இடம் கொடுக்கிறார். ரிச்சர்ட் மெக்நாலி 2003-ல் எழுதிய 'ரிமெம்பரிங் ட்ராமா' புத்தகம் இதற்கு நேர் எதிர்: பெரும்பாலானவர்களின் பிரச்சினை மறந்துபோவது இல்லை, மறக்க முடியாததுதான் என்கிறார். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். நான் பார்த்த வரையில் மெக்நாலி சொல்வதுதான் எங்கள் ஊருக்கு ஒத்துப்போகிறது. டோலி தூக்கினவர் எதையும் மறந்திருக்க வாய்ப்பில்லை.

சரி, சம்பவம் நடந்த உடனே ஆளைப் பிடித்து உட்காரவைத்து "என்ன நடந்தது, முழுசா சொல்லுங்க" என்று பேசவைத்தால் நல்லதுதானே? நல்லெண்ணத்தில் பலரும் இதைத்தான் செய்கிறோம். இதற்கு ஒரு முக்கியமான ஆய்வு இருக்கு, அதுவும் தீக்காயம் பட்டவர்களிடம் செய்தது. 1997-ல் பிரிட்டனில் ஜொனாதன் பிஸ்ஸன் குழு 133 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு சில நாட்களுக்குள் அப்படி ஒரு அமர்வு. இன்னொரு பிரிவுக்கு இல்லை. 13 மாசம் கழித்துப் பார்த்தால், பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்குப் பிடிஎஸ்டி. மற்றவர்களில் 9 சதவீதம். முதல் பிரிவில் காயத்தின் கடுமை ஆரம்பத்திலேயே கொஞ்சம் அதிகம் என்பதால் முழு வித்தியாசத்தையும் அமர்வின் தலையில் போட முடியாது. ஆனாலும் அது உதவவில்லை என்பது தெளிவு. பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இந்த ஒற்றை அமர்வுமுறைக்குப் பலன் தெரியவில்லை.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில் கதையைக் கிளறச் சொல்லவில்லை. சுற்றிலும் பார், காதுகொடுத்துக் கேள், தேவையான உதவியோடு இணை, அவ்வளவுதான். அதே நிறுவனம் 2013-ல், சம்பவம் நடந்த முதல் மாசத்தில் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் பென்சோடயசிபின் வகை மாத்திரை கொடுக்கவேண்டாம் என்றும் சொன்னது. நம் ஊரில் "தூக்கம் வரலண்ணே" என்று மெடிக்கலில் போய்க் கேட்கிற பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு முதல் சில வாரத்து நடுக்கம் தானாகவே குறையும். இது நல்ல செய்தி. இதை யாரும் ஸ்லைடில் போடுவதில்லை.

பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியவர்

ஆபத்து முடியாத இடத்தில் மனவடுவோடு எப்படி வேலை செய்வது? இந்தக் கேள்விக்குத் தமிழிலேயே பதில் தேடின ஒருவர் இருக்கிறார்: யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். போர் நடந்துகொண்டிருந்தபோதே அங்கே மருத்துவம் பார்த்தவர். 1998-ல் 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்', 2014-ல் 'ஸ்கார்ட் கம்யூனிட்டீஸ்' என்று இரண்டு புத்தகம். தலைப்புகளை அடுத்தடுத்து வைத்தாலே அவருடைய பயணம் தெரியும். முதலில் மனங்கள், பிறகு சமூகங்கள். நம் மக்களிடம் காயம் ஒரு தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்து அடிபடுகிறது, நம்பிக்கையும் பேச்சும் குறைகிறது என்று அவர் காட்டுகிறார். அதனால் ஆசிரியர்கள், கிராம சுகாதாரப் பணியாளர்கள் என்று ஊருக்குள் ஏற்கெனவே இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மந்திரமோ ஜெபமோ சாந்தி ஆசனமோ, அவரவருக்குப் பழகினதை உடம்பைத் தளர்த்தும் பயிற்சியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். வான் டெர் கோல்க் யோகாவைக் கண்டுபிடித்த மாதிரிச் சொல்கிற இடங்களில் எனக்கு இவர் ஞாபகம்தான் வந்தது.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை. சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு இலங்கையில் முகாம் குழந்தைகள் 31 பேரிடம் ஒரு ஆய்வு நடந்து 2009-ல் வெளியானது. பாதிப் பேருக்கு நடந்ததை வரிசையாகச் சொல்லி எதிர்கொள்ளும் சிகிச்சை, ஆறு அமர்வுகள். மீதிப் பேருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாசத்தில் முதல் பிரிவில் 81 சதவீதம், இரண்டாவதில் 71 சதவீதம் தேறினார்கள். சிகிச்சையே இல்லாத மூன்றாவது பிரிவு இல்லாததால், எவ்வளவு தானாகத் தேறியது என்று பிரிக்க முடியாது. ஆனால் உள்ளூர் ஆட்களைக் கொண்டு, உள்ளூர் மொழியில், நிரந்தர அமைதி வராத ஒரு பகுதியில் இதைச் செய்ய முடிகிறது என்பதே பெரிய விஷயம். மேலே நான் விவரம் கிளறும் ஒற்றை அமர்வைத் திட்டினதும் இதுவும் முரண் இல்லை. இது பல அமர்வு, பயிற்சி பெற்றவர், வருகிறவரின் சம்மதம்.

தென்னாப்பிரிக்காவிலும் இதே கேள்வி வந்தது. நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த 1987-ல் கில் ஸ்ட்ரேக்கர் குழு 'தொடரும் மனவடு அழுத்தம்' என்று ஒரு கருத்தை எழுதியது. வெளியே போனால் மறுபடி அடி விழலாம் என்ற நிலையில் இருப்பவரிடம் ஆபத்து முடிந்துவிட்டது என்று சொல்வது பொய். அந்தச் சிந்தனை வழியில் பின்னால் வந்தவர்கள் சிகிச்சையின் வேலையை வேறுமாதிரி வைக்கிறார்கள்: எது இப்போது நிஜமான ஆபத்து, எது பழைய பயத்தின் எதிரொலி என்று பிரித்துப் பார்க்க உதவுவது. அலாரத்தை அணைப்பது இல்லை, அளவு சரிசெய்வது. ஜீப் வளைவில் கம்பியைப் பிடிக்கட்டும். ராத்திரி வீட்டுத் திண்ணையில் உட்காரும்போதாவது அந்தக் கை தளரட்டும்.

இந்தச் சரிவில் உதவி என்றால்

வான் டெர் கோல்க்கும் பாதுகாப்புதான் முதல் படி என்கிறார். ஆனால் அவர் சொல்லும் பாதுகாப்பு பெரும்பாலும் ஒரு அறைக்குள், ஒரு உறவுக்குள் உண்டாவது. ஏலமலைச் சரிவில் பாதுகாப்பு என்பதில் கோடைக்கு முன்னால் வெட்டுகிற தீத்தடுப்புக் கோடும் சேரும். ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதும், யானை நடமாட்டத்தை முன்கூட்டியே சொல்வதும், மழைக்கு முன்னால் லயனைக் காலி செய்ய மாற்று இடம் இருப்பதும் சேரும். இவற்றை மனநலத் திட்டம் என்று யாரும் எழுதமாட்டார்கள். என் கணக்கில் பாதி மருந்து இதுதான்.

மீதிப் பாதி நிஜமான சிகிச்சை. அது இந்தப் பக்கம் இல்லாமல் இல்லை. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கு. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கு. 2022 அக்டோபர் 10 முதல் 'டெலி மானஸ்' என்ற தேசிய எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும், தமிழிலும். சிக்கல் நேரம்தான். காயெடுக்கப் போகிறவர்கள் விடியுமுன்னே ஜீப் ஏறி, மாநில எல்லை தாண்டி, சாயங்காலம்தான் திரும்புகிறார்கள். புறநோயாளிப் பிரிவு காலையில். அதாவது ஒரு தடவை டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலி போகும்; பல அமர்வு என்றால் பல நாள் கூலி. வாரத்தில் ஒரு நாள், போடியில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு கவுன்சலர் உட்கார்ந்தால் போதும் என்று தோன்றுகிறது. 2021-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்தத் தன்னார்வலர் தூக்கம் எப்படி, கெட்ட கனவு வருதா என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தை. சம்பவத்தைப் பற்றித் துருவிக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். சாப்பாடு, தூக்கம், கூட ஒரு ஆள், இது மூன்றும் முதல் வாரத்து வைத்தியம். ஒரு மாசம் தாண்டியும் அந்தக் காட்சி கண்முன் வந்துகொண்டே இருந்தால், அந்த இடத்தையே சுற்றிப் போனால், சின்னச் சத்தத்துக்குத் தூக்கிப் போட்டால், குடி கூடிக்கொண்டே போனால், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். செத்துப் போகலாம் போல இருக்கு என்று சொன்னால் ஒரு மாசம் எல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே 14416-க்குப் பேசுங்கள். விபூதி போட்டுவிட்டுக் கூட்டிப் போனாலும் எந்தத் தப்பும் இல்லை.

புத்தகத்தைப் பரிந்துரைக்கிறேனா? ஆமாம். முதல் மூன்று பாகத்தைப் படியுங்கள், குழந்தைகள் பற்றிய அத்தியாயங்களை இரண்டு தடவை படியுங்கள். சிகிச்சைப் பாகத்தைக் கொஞ்சம் உப்புப் போட்டுச் சாப்பிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், ஆய்வு எத்தனை பேரிடம் நடந்தது என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள் என்று சொல்வேன். பக்கத்தில் தயா சோமசுந்தரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அவர் புத்தகங்கள் அந்த அளவுக்குச் சுவாரஸ்யமாக ஓடாது, விலையும் அதிகம், நூலகத்தில் தேட வேண்டியிருக்கும். ஆனால் புகை இன்னும் அடங்காத ஊரில் உட்கார்ந்து எழுதினவர் அவர்தான்.

தேனி மாவட்டத்தில் மனநலப் பணியில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், சாயங்கால கவுன்சலிங் யோசனையில் என்ன நடைமுறைச் சிக்கல் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த குறிப்பு அதைப் பற்றித்தான் எழுத இருக்கிறேன்.